சமையலறை ஜன்னலில் ஒரு தூதரகம்

ஒரு மரப்பெட்டிக்குள் காகிதச் சுருளைத் திணித்து, நடுவில் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் ஒரு கதவுப் பூட்டைக் கிடத்தி, மேலே ஆணியடித்து முகவரி ஒட்டி அனுப்பினால், அது கடல் தாண்டி எந்த ஊருக்கும் போய்விடும். உன் சம்பளம் என்ன, உன் பெண்டாட்டி எங்கே, போனால் திரும்பி வருவாயா என்று அதை யாரும் கேட்பதில்லை. பூட்டுக்குக் கிடைத்த மரியாதை அதைச் செய்தவனுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் வயிற்றெரிச்சல்.

செய்தவனை அலுவலகத்தில் பூட்டுக்காரன் என்றே கூப்பிடுவார்கள். ஓட்டல் அறைக் கதவுகளுக்குப் பூட்டு செய்யும் கம்பெனி அது. அவன் பிறந்தது ஓர் ஊர், பிழைப்பது இன்னோர் ஊர். இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. மூன்றாவது ஒரு ஊருக்கு வேலையாகப் போக வேண்டியிருந்தது. பிறந்த ஊர், ‘நீதான் இங்கே இல்லையே’ என்றது. பிழைக்கிற ஊர், ‘நீ எங்கள் ஆள் இல்லையே’ என்றது. போக வேண்டிய ஊர், ‘அப்படியானால் நீ யார் வீட்டுப் பிள்ளையப்பா’ என்று கேட்டு விசாவை நிறுத்தி வைத்தது.

அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் கம்பெனி இருந்த ஊரிலேயே பிறந்தவன், விற்பனைப் பிரிவு. எதைச் சொன்னாலும் "அதெல்லாம் ஜுஜுபிப்பா" என்பான். அதனால் அவன் பெயரே ஜுஜுபி என்றாகிவிட்டது. நல்லவன்தான். ஆனால் விசா என்றால் கடையில் தேய்க்கும் அட்டை என்று நெடுங்காலம் நினைத்திருந்தவன். வெளியூர்க் கண்காட்சி என்றால் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடைக்குப் போகிறவன் மாதிரி கிளம்பிவிடுவான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல் தடவை பூட்டுக்காரன் விண்ணப்பித்தபோது, அழைப்புக் கடிதத்தில் இருந்த கையெழுத்து நகல், மையில் போட்ட அசல் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அசல் வருவதற்குள் கண்காட்சி முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை எல்லாம் சரியாக இருந்து, விசாவும் வந்தது. கண்காட்சி முடிந்த மறுநாள் வந்தது. பஸ் போன பிறகு கிடைத்த டிக்கெட்டை என்ன செய்வது? பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய அந்தப் பக்கத்தை அவன் மனைவி மட்டும் அவ்வப்போது எடுத்துப் பார்த்து, "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்பாள்.

இரண்டு தடவையும் பூட்டோடு போனவன் ஜுஜுபிதான். பூட்டுக்காரன் செய்த பூட்டுக்கு ஒரு குணம் உண்டு. அட்டையைக் காட்டிவிட்டு ஒரு மூச்சு பொறுத்துக் கைப்பிடியை அழுத்தினால் வெண்ணெய் மாதிரி திறக்கும். பொறுமையில்லாமல் மூன்று தடவை வெடுக்கென்று இழுத்தால், திருடன் என்று முடிவு கட்டி இறுகிக்கொள்ளும். இரண்டாவது கண்காட்சியில் ஜுஜுபி, செய்து காட்டுவதற்காக உள்பக்கமும் அட்டை கேட்கும்படி வைத்திருந்த மாதிரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாங்க வந்தவர்கள் வெளியே நின்று பார்க்க, உள்ளேயிருந்து மூன்று தடவை வெடுக்கென்று இழுத்தான். பிறகு பூட்டுக்காரனைப் போனில் கூப்பிட்டான்.

"என்னப்பா, திறக்க மாட்டேங்குது."

"இழுத்தியா?"

"லேசா."

"லேசா இழுத்தா பூட்டாது. பேசாம உக்காரு. கொஞ்ச நேரத்துல அதுவே திறக்கும்."

"வெளிய எல்லாரும் நிக்கறாங்கப்பா. நான் உள்ள பாட்டு பாடிட்டிருக்கேன்."

வாங்க வந்தவர்களுக்குப் பூட்டு பிடித்துப் போயிற்று. உள்ளே போன ஆளை இவ்வளவு நேரம் விடாத பூட்டு நல்ல பூட்டாகத்தான் இருக்கும் என்றார்கள். ஆனால் அடுத்த கண்காட்சிக்குத் திறக்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள் என்றும் சொன்னார்கள்.

அதன் பிறகு மேலாளர் பூட்டுக்காரனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தலைமை வடிவமைப்பாளர் நாற்காலி காலியாகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த நாற்காலில உக்கார்றவர் வருஷத்துல பாதி நாள் வெளியூர்ல இருக்கணும். போக முடியாதவரை எப்படிப் போடறது, நீங்களே சொல்லுங்க."

"போவேன் சார்."

"இந்தத் தடவை கண்காட்சிக்குப் போயிட்டு வந்துட்டா நாற்காலி உங்களுது. இல்லைன்னா..." என்று மேலாளர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். அங்கே ஜுஜுபி பேனாவால் முதுகு சொறிந்துகொண்டிருந்தான்.

தன் பூட்டுக்கு ஜுஜுபி தலைவனாவதை நினைத்தபோது பூட்டுக்காரனுக்குப் பொறுக்கவில்லை. பொறாமை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வான். பொறாமைதான்.

மூன்றாவது படையெடுப்பு தொடங்கியது. விசா கேட்பவர்களின் குடியிருப்பு அட்டையில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்று தூதரகத்தில் விதி. அவன் அட்டையில் ஆறுக்குச் சற்றுக் குறைவு. சரி, புதுப்பித்துவிடலாம் என்று குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனால், மூன்று மாதம் பாக்கி இருக்கும்போது வாருங்கள், இப்போது கணினி ஏற்காது என்றார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். கண்காட்சி தேதியோ அசையாமல் நின்றது. மூன்று மாதம் என்ற எல்லை தொட்ட அன்று காலையில், கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்று, புதுப்பித்து, புது அட்டை ஆறியும் ஆறாமலும் இருக்கும்போதே எடுத்துக்கொண்டு தூதரகத்துக்கு ஓடி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தான். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

நேர்காணலுக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. முந்தைய இரண்டு தடவையும் அது இல்லை.

இங்கேதான் அவனுடைய ரகசியத்தைச் சொல்ல வேண்டும். அவனுக்குக் கவுன்ட்டர் என்றால் பயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் போதும், பெயரைக்கூடத் தந்தியடிப்பதுபோல் துண்டு துண்டாகத்தான் சொல்வான். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை பார்க்கும் அவன் மனைவி, "என் கவுன்ட்டருக்கு வர்றவங்களும் வாயைத் திறக்கத்தான் பயப்படுவாங்க" என்று ஆறுதல் சொன்னாள். அது ஆறுதலாக இல்லை.

அப்போது வீட்டில் மாமனார் இருந்தார். மகளைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்தவர். மாமியார் காலமாகி இரண்டு வருடம். வேலையில் இருந்தவரை பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்திருந்தவர். எந்த வண்டி எப்போது என்று கேட்டால் நிமிராமலே சொல்லுவார் என்று பெயர். விசா விஷயத்திலும் அவர் அடிபட்டுத் தேறியவர்தான்.

"ரெண்டு தடவை என்னைத் திருப்பி அனுப்பினாங்க மாப்பிள்ளை. ஏன் திரும்பி வருவீங்கன்னு கேட்டாங்க. வீடு இருக்குன்னேன், பென்ஷன் இருக்குன்னேன். ம்ஹும். மூணாவது தடவை, மாடியில தொட்டில ஒரு எலுமிச்சைச் செடி இருக்கு, போய்த் தண்ணி ஊத்தணும்னேன். குத்திட்டாங்க முத்திரை."

"செடியைச் சொன்னா குடுப்பாங்களா மாமா?"

"எதைச் சொன்னா குடுப்பாங்கன்னு யாருக்குத் தெரியும். வாயில வந்தது அது."

அன்று சாயங்காலமே ஒத்திகை ஆரம்பமாயிற்று. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பாத்திரம் நீட்டுவதற்காக ஒரு சின்ன ஜன்னல் உண்டு, மரக்கதவு போட்டது. மாமனார் உள்ளே போய் நின்றுகொண்டார். பூட்டுக்காரன் கூடத்தில் இந்தப் பக்கம் நின்றான். ஜன்னல் கதவு திறந்தது.

"வாங்க மாப்பிள்ளை. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பேரைக் கொஞ்சம் சொல்ல முடியுங்களா?"

உள்ளேயிருந்து மனைவி, "அப்பா, எந்த ஆபீசர் இப்படிக் கேப்பான்?" என்றாள்.

"மாப்பிள்ளையை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா. உக்காருங்க மாப்பிள்ளை. காபி சாப்பிடறீங்களா?"

முதல் நாள் ஒத்திகை காபியோடு முடிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக அவர் மாப்பிள்ளையிடம் கேட்ட கேள்விகளை ஒரு கையில் எண்ணலாம். சௌக்கியமா, சாப்பிட்டீங்களா, அங்க மழையா. அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் வளர்ப்பு.

இரண்டாம் நாள் அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள்ளே பழைய கவுன்ட்டர்காரர் விழித்துக்கொண்டார்.

"பேரு?"

பூட்டுக்காரன் துண்டு துண்டாகச் சொன்னான்.

"முழுசா சொல்லுங்க. பின்னாடி ஆள் நிக்குது. மாசச் சம்பளம்?"

சொன்னான். ஜன்னலுக்குள் மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பதினோரு வருடமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட தொகை அது.

"பிடித்தம் போகவா?"

"போக."

"சேமிப்பு?"

அதையும் சொன்னான்.

"சிகரெட் உண்டா?"

"விசாவுக்கு சிகரெட் எதுக்கு மாமா?"

"இங்க மாமா கிடையாது. சார். உடல்நிலை பாக்கறோம். உண்டா இல்லையா?"

"விட்டுட்டேன் சார்."

"எப்ப?"

பூட்டுக்காரன் மனைவியைப் பார்த்தான். அவள் மேற்கூரையைப் பார்த்தாள். மாமனார் "ஹும்" என்று சொல்லி, சாப்பாட்டு இடைவேளை என்று ஜன்னலைச் சாத்தினார். பதினோரு வருடக் கேள்விகளும் வரிசை கட்டி நின்றிருக்க வேண்டும், மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் உங்கள் மனைவி போனில் அழுதாரே, அதற்குக் காரணம் என்ன என்று அதிகாரி கேட்டார்.

"வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டேன் சார். விடியற வரைக்கும் மாடிப்படியில உக்காந்திருந்தோம்."

"பூட்டு கம்பெனில வேலை பாக்கறவர் சாவியைத் தொலைச்சீங்களா?"

"அதுக்கப்புறம்தான் சாவியில்லாம அட்டையில திறக்கற பூட்டு செய்யணும்னு தோணிச்சு."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை அவ எங்கிட்ட சொல்லவே இல்லையே. நான் என்னென்னவோ நெனச்சிட்டேன்" என்றார், சாரை மறந்து. பதினோரு வருடமாக அவர் மனதில் கிடந்த முள் ஒன்று அன்று கழன்றது. பூட்டுக்காரனுக்கும் நாக்கு மெல்லத் தெளிய ஆரம்பித்தது.

கடைசிக் கேள்வி மட்டும் தினமும் ஒன்றுதான்.

"போற ஊர்லயே தங்கிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நிரந்தர வேலை இருக்கு சார். வீட்டு ஒப்பந்தம் இருக்கு. மனைவி இருக்காங்க."

"எம் பொண்ணு மூணாவதா? ரிஜெக்ட். நாளைக்கு வாங்க."

மறுநாள் மனைவியை முதலில் சொன்னான். மனப்பாடம் பண்ணின மாதிரி இருக்கு, ரிஜெக்ட், நாளைக்கு வாங்க. அதற்கடுத்த நாள் உருக்கமாகச் சொல்லிப் பார்த்தான். நாடகம் மாதிரி இருக்கு, ரிஜெக்ட். ஒரு நாள் அலுத்துப்போய், "தங்கிட்டா உங்க பொண்ணு சும்மா விடுவாளா மாமா?" என்றான்.

மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாஸ்" என்று சொல்லி ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் காபியை நீட்டினார். அதிலிருந்து ஒத்திகை அந்தக் கேள்வி, அந்தப் பதில், அந்தக் காபி என்றே முடியும். நேர்காணலில் சொல்ல வேண்டிய ஒழுங்கான பதிலை முதலில் சொல்லிவிட்டு, காபிக்காக இதையும் சொல்வான். பழக்கம் யாரை விட்டது?

நேர்காணல் நாள் வந்தது. தடித்த கண்ணாடி, கீழே காகிதம் நுழைய ஒரு சந்து. அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்கு மாமனார் வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி அதேபோல் மூக்கின் நுனியில் இருந்தது. போதாக்குறைக்குக் கையருகே ஒரு கோப்பைக் காபி, ஆவி பறந்துகொண்டிருந்தது.

பூட்டுக்காரன் பெயரை முழுதாகச் சொன்னான். சம்பளத்தைப் பிடித்தம் போகச் சொன்னான். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டபோது, வாய் ஓயாமல் சொன்னான். தன் குரல் தனக்கே பிடித்துப் போகும் அளவுக்கு எல்லாம் சரியாகப் போனது. அங்கேதான் வினை.

அதிகாரி காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார். "அங்கயே தங்கிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"தங்கிட்டா உங்க பொண்ணு சும்மா விடுவாளா மாமா?"

சொன்னதோடு போயிருந்தால் சமாளித்திருக்கலாம். கை தானாகச் சந்து வழியே உள்ளே போய் காபிக் கோப்பையைத் தேடியது.

அதிகாரி கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு அவனை முதல் தடவையாகப் பார்த்தார்.

"எனக்குப் பொண்ணு கிடையாது. ரெண்டும் பையன். இது என்னோட காபி."

பூட்டுக்காரன் கையை வெளியே இழுத்தான், சந்தில் மணிக்கட்டு மாட்டி வெளியே வந்தது. பொய் சொல்லிச் சமாளிக்க அவனுக்கு வராது. நடந்ததைச் சொன்னான். சமையலறை ஜன்னல், சிகரெட், சாப்பாட்டு இடைவேளை, எல்லாம். அதிகாரியின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

"மாமனாருக்கு என்ன வேலை?"

"பஸ் நிலையத்துல விசாரணைக் கவுன்ட்டர் சார். இப்ப ரிட்டயர்டு."

"அங்கயும் இப்படிக் கண்ணாடிதானா?"

"இல்ல சார், கம்பி."

"கம்பி தேவலை. காத்தாவது வரும்" என்றார் அதிகாரி. எதையோ எழுதினார். "போகலாம். தகவல் வரும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது, அழுகையால் அல்ல. மாமனார் மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"அந்தக் காபியை நான் நீட்டியிருக்கக் கூடாது மாப்பிள்ளை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காப் போச்சே."

"விடுங்க மாமா. எனக்கு வாய் திறந்ததே உங்களாலதான்."

அவர் சமாதானமாகவில்லை. இரண்டு நாள் கழித்து, செய்தித்தாளைப் புரட்டுகிற மாதிரி இருந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பாஸ்போர்ட்டு எப்ப கைக்கு வரும்?"

"விசா விஷயம் முடிஞ்சாத்தான் மாமா. நடுவுல திருப்பிக் கேட்டா விண்ணப்பம் ரத்தாயிடும்."

"அப்படியா. சரி சரி."

"ஏன் மாமா? உங்க விசாவை நீட்டிக்கணும்னு இவ சொல்லிட்டிருந்தாளே, அதுக்கு ஏதாவது..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். வாழ்நாள் பூரா டைம் டேபிள் பாத்தவன் நான். என் வண்டி எப்பன்னு எனக்குத் தெரியாதா?" என்று எழுந்து காபி போடப் போய்விட்டார். பூட்டுக்காரன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் நினைப்பெல்லாம் தூதரகத்தில் இருந்தது.

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது உறை வந்தது. மனைவிதான் பிரித்தாள். விசா இருந்தது, தேதியும் சரியாக இருந்தது. கண்காட்சி முடிந்த மறுநாளோடு காலாவதி, ஒரே ஒரு தடவை உள்ளே போகலாம். பிசினாறி விசாதான், ஆனாலும் விசா. மாமனார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அந்த ஆபீசர் நல்லா இருக்கணும். எங்க இலாகாக்காரர்" என்றார்.

கண்காட்சியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதிரி அறைக்குள் பூட்டுக்காரன் போனான், கதவைச் சாத்தினான், அட்டையைக் காட்டினான், ஒரு மூச்சு பொறுத்தான், திறந்துகொண்டு வெளியே வந்தான். போன தடவை பாட்டுக் கச்சேரி கேட்டவர்கள் கைதட்டினார்கள். பேரம் படிந்தது. ஜுஜுபி போனில் கூப்பிட்டு, "மேலாளர் சொல்லிட்டாரு, நாற்காலி உனக்குத்தான். நான்தான் சொன்னேனே, விசாவெல்லாம் ஜுஜுபின்னு" என்றான். அவன் சந்தோஷம் நிஜமான சந்தோஷம். அவன் மேல் இனிக் கோபப்பட முடியாதே என்பதுதான் பூட்டுக்காரனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

உடனே வீட்டுக்குப் போன் செய்தான். மனைவி சந்தோஷப்பட்டாள். பிறகு குரல் இறங்கியது.

"அப்பா டிக்கெட் போட்டுட்டாரு. நீங்க வந்த ரெண்டாம் நாள் கிளம்பறாரு."

"நீட்டிக்கலாம்னு சொன்னோமே."

"நீட்டிக்கறதுக்கு உங்க அசல் பாஸ்போர்ட் வேணுமாம். என் அட்டையே உங்க அட்டையைப் பிடிச்சுத் தொங்கறது, அதனால நான் கையெழுத்துப் போட்டா செல்லாதாம். விண்ணப்பிக்கற கடைசித் தேதி அன்னிக்கு உங்க பாஸ்போர்ட் தூதரகத்துல இருந்துச்சு. அப்பாவுக்கு முன்னாடியே தெரியும். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டா மாப்பிள்ளை விண்ணப்பம் ரத்தாயிடும்னு வாயை மூடிட்டு இருந்திருக்காரு."

பூட்டுக்காரன் மாதிரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். கிடைத்த நாற்காலி அப்போது அவனுக்கு இனிக்கவில்லை. பாஸ்போர்ட் எப்போது வரும் என்று கேட்டாரே, அன்றைக்கு தான் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் வாய் திறந்திருப்பார். அவர் தன்னிடம் அத்தனை கேள்வி கேட்டார், தான் அவரிடம் ஒன்றுகூட முழுதாகக் கேட்கவில்லை.

திரும்பி வந்தவன் சண்டை போடலாமா என்று பார்த்தான். மாமனார் இடம் கொடுக்கவில்லை.

"மூணு மாசம்னு வந்தேன், மூணு மாசம் ஆச்சு. போய் மறுபடி விண்ணப்பிச்சா ஆச்சு. எனக்கென்ன கவுன்ட்டர் புதுசா?"

மறுநாள் முழுக்கப் பூட்டுக்காரன் வாசல் கதவோடு மல்லுக்கட்டினான். வீட்டு உரிமையாளரிடம் போனில் கெஞ்சி அனுமதி வாங்கி, பழைய பூட்டைக் கழற்றிவிட்டு, கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த தன் மாதிரிப் பூட்டைப் பொருத்தினான். மாமனார் பெட்டி கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவன் கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனான். ஜன்னல் கதவைத் திறந்தான்.

"அடுத்தவங்க யாரு, வாங்க."

கூடத்தில் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். சிரித்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றார்.

"உங்க விசா நேர்காணலுக்கு ஒத்திகை மாமா. பேரு?"

"இங்க மாமா கிடையாது" என்று திருத்திவிட்டு, பெயரைச் சொன்னார்.

"எதுக்குப் போறீங்க?"

"எம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பாக்கறதுக்கு சார். மாப்பிள்ளை பெரிய உத்தியோகம். பிடித்தம் போகச் சம்பளம் எவ்வளவுன்னு வேணும்னா சொல்றேன்."

"வேண்டாம். ஏன் திரும்பிப் போவீங்க?"

மாமனார் உடனே வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"எலுமிச்சைச் செடி" என்று பூட்டுக்காரன் மெல்ல எடுத்துக் கொடுத்தான்.

"அது பட்டுப்போச்சு மாப்பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரங்க போன்ல சொன்னாங்க." ஜன்னல் கட்டையில் இல்லாத தூசியை விரலால் துடைத்தார். "யோசிச்சுப் பாத்தா வேற ஒண்ணும் தோணல. அங்க போனா நானே பூட்டணும், நானே திறக்கணும். உள்ள இருந்து யாருன்னு கேக்கறதுக்குக்கூட ஆள் இல்ல. இதைச் சொன்னா எவன் விசா குடுப்பான்?"

சமையலறையில் பூட்டுக்காரனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூட்டுக்காரன் வாயில் பழகின வார்த்தைதான் வந்தது.

"காரணம் பத்தாது. ரிஜெக்ட். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எனக்கு ஃப்ளைட்டு மாப்பிள்ளை."

மனைவி டம்ளரை எடுத்து வந்து கணவன் கையில் வைத்தாள். பூட்டுக்காரன் காபியை ஜன்னல் வழியாக நீட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, அதையும் ஜன்னல் வழியாக நகர்த்தினான்.

மாமனார் இடது கையில் காபியோடு வலது கையால் அட்டையை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். போட்டோ இல்லை, தேதி இல்லை, முத்திரை இல்லை.

"என்னது இது?"

"நம்ம வாசல் கதவுக்கு. காட்டிட்டு ஒரு மூச்சு பொறுத்தா திறக்கும். நாங்க வேலைக்குப் போயிருந்தாலும் நீங்க பாட்டுக்கு உள்ள வரலாம்."

"காலாவதி எப்பன்னு போடலையே."

"அது கிடையாது மாமா."

மாமனார் அட்டையைச் சட்டைப் பையில், பாஸ்போர்ட்டுக்கும் முன்னால் வைத்துக்கொண்டார். வைத்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தட்டினார். பூட்டுக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"ஆனா அங்க விசா கவுன்ட்டர்ல மட்டும் அதைக் காட்டிடாதீங்க."